ஏறிக்கொண்டிருந்த வீடு

கீழ்வேலம்பாக்கத்தில் எல்லா வீடுகளும் இறங்கிக்கொண்டிருந்தன. ரெஜினா அக்காவின் வீடு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

எழிலரசிக்கு இது இரண்டு விதத்தில் தொல்லை. அவள் நில மட்ட வாரியத்தில் கள ஆய்வாளர். ஏறுகிற வீட்டைப் பிடிப்பதுதான் அவள் வேலை. அந்த வீட்டின் மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில்தான் அவள் குடியிருந்தாள்.

ஊரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி. தூர்த்து மனை போட்டார்கள். மனைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு. அடியில் இருந்த களிமண் தண்ணீர் வற்ற வற்றச் சுருங்கியது. மேலே இருந்த வீடுகளும் அதோடு அமுங்கின. கண்ணுக்குத் தெரியாத அமுக்கம்தான். ஆனால் சுவர் விரியும், நிலை கோணும், சாக்கடை எதிர்ப்பக்கம் ஓடும். கடைசியில் அரசாங்கம் எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் குட்டையான ஒரு கம்பத்தை நட்டு, அதன் தலையில் வெள்ளைக் குமிழ் ஒன்றைப் பொருத்தியது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்து, தான் நிற்கும் உயரத்தை மயிரிழை பிசகாமல் அது சொல்லும். ஊர் அதற்குக் காளான் என்று பெயர் வைத்தது. ஆண்டுக்கு இவ்வளவு இறங்கலாம் என்று ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் அந்த வீட்டு பம்பின் பூட்டு தானாக விழுந்துவிடும்.

சனங்கள் சும்மா இருப்பார்களா? மாதம் ஒரு டைல்ஸ் துண்டைக் காளானுக்கு அடியில் செருகியவர்கள் இருந்தார்கள். மகள் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை அடுக்கி வைத்தவர் ஒருவர். ஒரு மளிகைக் கடைக்காரர் கார் ஜாக்கி வைத்தே தூக்கிவிட்டார். அதனால் இன்னொரு விதி வந்தது. எந்த வீடாவது ஏறினால் அது மோசடி. கிணற்றுக்கு மூன்று வருடம் முத்திரை.

ரெஜினா அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். மூன்று பெரிய கிரைண்டர்கள். கிணறு இல்லையென்றால் கடை இல்லை.

"ஏன்டி எழிலு, இது உன் கையெழுத்தா?" வாரியத்திலிருந்து வந்த நோட்டீஸை மாவுக் கையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"நோட்டீஸ் போடறது கம்ப்யூட்டருக்கா. கையெழுத்து மட்டும்தான் நான்."

"நல்லா இருக்குடி. மேல என் மாவுல சுட்ட தோசை. கீழ என் பேருக்கு நோட்டீஸ்."

அவர் கணவர் அமலதாஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "வீடு ஏறுதுன்னா நல்லதுதானே? ஊரெல்லாம் கீழ போவுது, நாம மேல போறோம். ஆண்டவர் கிருபை."

"நீ வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு. புள்ளைங்க ரோட்ல நிக்கும்."

எழில் மேலே ஓடினாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற பெண் அவள். முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். துணி காயப்போடும் கொடியைத் தண்ணீர்த் தொட்டியில்தான் கட்டியிருந்தாள். காளான் கம்பத்தில் இல்லை. இருந்தாலும் ஒரு நாளாவது தெரியாமல் கட்டியிருப்போமோ? ஈரப் போர்வை இழுத்திருக்குமோ? மண்டியிட்டு நான்கு திருகாணிகளையும் தொட்டுப் பார்த்தாள். முத்திரை மெழுகு உடையவில்லை. கம்பத்துக்கு அடியில் ஒரு சீட்டுகூட நுழையாது.

ஆனாலும் எண்கள் ஏறின. சீராக, வாரா வாரம்.

அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் தணிகாசலம் சாரிடம் சொன்னாள். ஊருக்கு லாரித் தண்ணீர் நிரப்புகிற நிலையத்தின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே பெரிய பம்புகள் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அங்கே யாரும் பேச முடியாது, கத்தத்தான் முடியும்.

"எண்ணு பொய் சொல்லாதும்மா!" என்று அவர் கத்தினார்.

"சார், அந்த வீட்லதான் நான் இருக்கேன்! யாரும் தொடலை சார்!"

"அப்படிச் சொல்லாத! அப்புறம் உன்னையும் சேர்த்து விசாரிப்பாங்க! திங்கக்கிழமை அவங்களை வரச் சொல்லு!"

அவள் மாலைக் கல்லூரியில் நில அளவைப் பட்டயம் படித்துக்கொண்டிருந்தாள். அன்று வகுப்பில் எதுவும் காதில் ஏறவில்லை. வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு: அமலதாஸ் அண்ணன் உண்மையிலேயே எதையாவது செருகி வைத்திருந்தால்? அவரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது. மீரான் பாயின் குரல். குளியலறைக் கதவு இறுகிவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அமலதாஸ் சுவர் ஏறிக் குதித்தார். பின்னாலேயே ரெஜினா அக்கா கடப்பாரையோடு போனார். கால் மணி நேரம் நெம்பிய பிறகு கதவு வந்தது. மீரான் பாய் துண்டோடு, தலையில் சோப்பு நுரையோடு நின்றார்.

"போன மாசம்தான் ஆசாரி வந்து இழைச்சாரு. இது மூணாவது தடவை. இதுக்கு மேல இழைச்சா கதவு இருக்காது, சட்டம்தான் இருக்கும்."

"உங்க காளான் எல்லாம் சரியாத்தானே பாய் காட்டுது?" என்றாள் எழில்.

"வரம்புக்குள்ளதான்மா காட்டுது. கதவுதான் வரம்புக்குள்ள வர மாட்டேங்குது." துண்டை இறுக்கிக்கொண்டார். "உங்க வீட்ல எந்தக் கதவும் மாட்டுனதா நான் கேள்விப்பட்டதே இல்லியே, ரெஜினா?"

"எங்க வீட்ல கதவைச் சாத்துற பழக்கமே இல்ல பாய்" என்று ரெஜினா அக்கா சிரித்தார்.

எழில் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய் எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு கீழே வந்து அக்கா வீட்டுக் கதவுகளையும். அத்தனையும் விரலால் தள்ளினால் போய் மூடிக்கொண்டன. ஏறுகிற வீடு என்றால் அதுவும் கோண வேண்டாமா?

மடிக்கணினியைக் கடை மேசையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு உயரத்தின் ஒரு வருடக் கோட்டைத் திறந்தாள். படிக்கட்டுச் சுவர் போல ஒரே சீராக மேலே போகும் கோடு. அக்டோபரில் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று ஒரு பள்ளம். இரண்டு நாள் இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கு ஏறியிருந்தது.

அவள் அமலதாஸைக் கூப்பிட்டாள். "அண்ணா, அக்டோபர்ல மொட்டைமாடியில ஏதாவது வேலை பாத்தீங்களா? காளான் பக்கத்துல?"

"ஸ்டார் கட்டுறதுக்குத்தான் அந்தக் கம்பத்துகிட்ட போவேன். அதுவும் டிசம்பர்ல. அக்டோபர்ல எவனாவது ஸ்டார் கட்டுவானா?"

எதற்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மீரான் பாய் வீட்டுக் கோட்டைத் திறந்தாள். அங்கேயும் அதே பள்ளம், அதே இரண்டு நாள். எதிர் வீடு, பிள்ளையார் கோயில், ஜாக்கி வைத்த மளிகைக் கடை, ஊரின் மறுகோடியில் இருந்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் திறந்தாள். எல்லாக் கோட்டிலும் ஒரே அளவு பள்ளம்.

ஊர் மொத்தமும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் டைல்ஸ் துண்டை உருவியிருக்க முடியாது.

சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்துப் பின்னால் புரட்டினாள். இரண்டு நாளும் சிவப்பு. ஆயுத பூஜை. விஜயதசமி.

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. நிரப்பு நிலையத்தில் பம்புகளைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்தார்கள். அன்றுதான் தணிகாசலம் சாரின் சொந்தக் குரலை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். அத்தனை மெல்லிய குரல் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு நாளும் அங்கே ஒரு பம்புகூட ஓடவில்லை.

அதே கட்டடத்தின் உச்சியில்தான் தாய்க்காளான் இருந்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு காளானின் உயரமும் அதோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடப்படுகிறது. அது அசையாது என்று வைத்துக்கொண்டு.

எழில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரெஜினா அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தார். "என்னடி, பேயடிச்ச மாதிரி?"

"அக்கா, கல்யாணப் பந்தல்ல மணல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருக்கோம்னு வெச்சுக்குங்க. எதிர்ல நீங்க நிக்கிறீங்க. என் சேர் காலு கொஞ்சம் கொஞ்சமா மணல்ல எறங்குது. எனக்குத் தெரியலை. நீங்க எனக்கு எப்படித் தெரிவீங்க?"

"வளர்ற மாதிரி."

"நீங்க வளரலைக்கா. எறங்கினது நான்."

ரெஜினா அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "அப்ப என் வீடு?"

"சும்மா நிக்குதுக்கா. ஊர்லயே சும்மா நிக்கிற வீடு இது ஒண்ணுதான். பின்னாடி கல்குட்டை இருக்குல்ல, அந்தப் பாறை மேலதான் உங்க வீடு உக்காந்திருக்கணும். தாய்க்காளான்தான் எறங்குது. நெரப்பு நிலையத்துல பகல் முழுக்க இறைக்கிறாங்க இல்ல? பூஜைக்கு ரெண்டு நாள் நிறுத்துனதும் அடியில தண்ணி ஊறி, அது ஒரு பொட்டு எழும்பியிருக்கு. உடனே ஊரே எறங்குன மாதிரி காட்டிடுச்சு."

அமலதாஸ் கையைத் தட்டினார். "ஜெயிச்சிட்டோம்! நாளைக்குப் போய் இதையே சொல்லு."

"சொல்லலாம்ணா." எழில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உங்க வீடு எவ்வளவு ஏறுனதா காட்டுதோ, அவ்வளவும் மத்த வீட்டுக் கணக்குல மறைஞ்சு போயிருக்கு. அதையும் சேர்த்தா ஒரு வீடுகூட வரம்புக்குள்ள இல்ல. கணக்கைத் திருத்துன அடுத்த நிமிஷம் எல்லா வீட்டுப் பூட்டும் விழுந்துடும்."

பாதி அரைத்த மாவு கிரைண்டரில் கிடந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்" என்றார் அமலதாஸ். "நான்தான் செங்கல் வெச்சேன்னு ஒத்துக்கிறேன். ஒரு வீடு கஷ்டப்பட்டாப் போதும்ல? 'ஐயா, குடிபோதையில வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க.' எப்படி இருக்கு?"

"நீ குடிக்கவே மாட்டியே."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"யோவ், செங்கல் தூக்குனா உனக்கு இடுப்புப் புடிச்சுக்கும். அதுகூட ஊருக்கே தெரியும்." ரெஜினா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் மீரான் பாய் உடைந்த கதவை நிமிர்த்தி வைக்க முயன்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது. நிமிர்த்துவார், அது சரியும். மறுபடி நிமிர்த்துவார்.

"சொல்லிடு எழிலு" என்றார் ரெஜினா அக்கா. "இன்னைக்குக் கதவு. நாளைக்கு மேல்கூரை வந்து விழுந்துச்சுன்னா? எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்குன்னு காட்டிக்கிட்டே விழும். எனக்குத் தண்ணி இருந்து, மாவு வாங்க பாய் இல்லன்னா நான் யாருக்குடி ஆட்டறது?"

திங்கட்கிழமை விசாரணைக்கு ரெஜினா அக்கா ஒரு தூக்குச் சட்டி நிறைய மாவோடு வந்தார். லஞ்சமா என்று தணிகாசலம் சார் கத்தினார். இல்லை, மத்தியானம் போனால் புளித்துவிடும், வழியில் ஒரு வீட்டில் கொடுக்க வேண்டும் என்று ரெஜினா அக்காவும் கத்தினார். எழில் கோடுகளைக் காட்டினாள். சொல்லும்போதே, எங்காவது கூட்டலில் பிசகியிருப்போமோ என்று மனசுக்குள் மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள். சார் ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பிறகு கீழே போய் பம்புகளை நிறுத்தச் சொன்னார்.

இரண்டு நாள் பழுது பார்ப்பு என்று பலகை மாட்டினார்கள். லாரிகள் வரிசையில் நின்றன; ஊர் திட்டித் தீர்த்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஊரில் உள்ள எல்லாக் கோட்டிலும் அதே பள்ளம் விழுந்தது.

அந்த அமைதியில் சார் தன் சொந்தக் குரலில் பேசினார். "தாய்க்காளானை வைக்க எடம் பாத்தது நான்தாம்மா. இங்க நிக்காத கரண்ட் இருந்துச்சு, வாட்ச்மேன் இருந்தாரு. திருட்டுப் போகாதுன்னு நெனச்சேன். கீழ தண்ணி திருட்டுப் போறதை யோசிக்கவே இல்ல."

"இப்ப எல்லாரோட பூட்டும் விழுமா சார்?"

"விழாது, நான் பாத்துக்கறேன். தப்பு நம்மளோடது, தண்டனை அவங்களுக்கா? பழைய கணக்கை விட்டுட்டு இன்னையிலேருந்து புதுசா எண்ணச் சொல்லி எழுதறேன். ஆனா எல்லா வீட்டுக்கும் இறைக்கிற நேரம் பாதியாக் குறையும். இங்கயும் பாதி பம்பு நிக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாய்க்காளானை மாத்தணும். பாறை மேல. மிச்சப் பாறையை எல்லாம் வெட்டி ஜல்லியா வித்தாச்சு. இனி இருக்கறது ஒரே வீடுதான்."

எழிலுக்கு அடுத்த வரி தெரியும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த வரி. தாய்க்காளான் நிற்கும் மனையில் கிணறு இருக்கக் கூடாது. இந்த அலுவலகம் மீறிய விதி அதுதான். அதை இன்னொரு தடவை மீற முடியாது.

"அவங்க சம்மதிக்கலேன்னா வைக்க முடியாதும்மா" என்றார் சார், இன்னும் மெதுவாக. "கேட்டுப் பாரு."

எழில் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தாள். ரெஜினா அக்கா உளுந்து கழுவிக்கொண்டிருந்தார். எழில் சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. பிறகு நின்றது.

"என் கெணத்தைக் காப்பாத்தறேன்னு போய் மூடிட்டு வந்திருக்க."

"நீங்க வேணாம்னு சொல்லலாம்க்கா. சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் அதையே எழுதிக் கொடுத்துடறேன்."

"வேணாம்னா?"

"வெளியூர் தாய்க்காளானோட ஒப்பிடுவாங்க. தூரம் ஜாஸ்தி. இவ்வளவு நுணுக்கமா வராது. மறுபடி தப்பு வரலாம்."

"இதுக்குத்தான் சாயங்காலம் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்ப் படிச்சியா?"

எழிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரெஜினா அக்கா உளுந்துத் தோல் ஒட்டிய கையால் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். "அழுவாத. உளுந்துல விழும். உப்பு நான் தனியாப் போட்டுக்கறேன்."

ஒரு பகல் முழுக்க அவர் பதில் சொல்லவில்லை. கிரைண்டர்களைத் துடைத்தார். கிணற்று மூடி மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தார். அன்று பொழுது சாய்வதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. அமலதாஸின் வேனில் ஏறினால் எந்தச் செய்தியும் பள்ளிக்கூடம் போவதற்குள் ஊரைச் சுற்றிவிடும். மறுநாள் காலை சுவருக்கு மேலாக ஒரு பச்சை ரப்பர் குழாய் வந்து விழுந்தது.

"எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் பம்பாம்" என்று மீரான் பாயின் குரல் மட்டும் வந்தது. "நான் ஒரு ஆளு. அரை மணி போதும். மிச்சத்தைப் புடிச்சுக்குங்க. எதிர் வீட்டுக்காரங்க செவ்வாக்கிழமை தர்றாங்களாம். மளிகைக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை."

"ஜாக்கி வெச்சவரா? அவரைக் கொஞ்சம் கண்காணிக்கணும் பாய்" என்று சொல்லிவிட்டு ரெஜினா அக்கா உள்ளே போய், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.

கிணற்றுக்கு முத்திரை வைக்க எழிலே வந்தாள். மெழுகை உருக்கி மூடி விளிம்பில் ஊற்றினாள். "கோணலா வெக்காதடி, பாக்க நல்லா இருக்கணும்" என்றார் அக்கா. மூன்று கிரைண்டர்களில் ஒன்று நின்றுபோனது. மற்ற இரண்டும் தெருவாசிகள் முறை வைத்துத் தந்த தண்ணீரில் ஓடின. மீரான் பாய்க்கு ஒரு கிண்டல் கிடைத்துவிட்டது. இட்லியைப் பிட்டு வாயில் போடும்போதெல்லாம், "இந்த இட்லிக்கு என் வீடு ஒரு மயிரிழை எறங்கியிருக்கு, ருசி இருக்கத்தானே செய்யும்" என்பார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. நிரப்பு நிலையத்தில் பம்புகளுக்குச் சந்தனம் வைத்தார்கள். ரெஜினா அக்காவும், ஊரே பொரி தின்கிற நாளில் மாவு யார் வாங்குவார்கள் என்று கிரைண்டர்களுக்கு ஓய்வு கொடுத்தார்.

விஜயதசமிக் காலையில் எழில் தாய்க்காளானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள். ஒரு வருடமாக இந்தக் காலைக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். பாறை என்று சொன்னது பாறைதானா? எல்லாக் கோட்டிலும் இன்றைக்கும் ஒரே அளவு பள்ளம் இருந்தால், அக்காவின் கிணற்றை ஒன்றுமில்லாததற்கு மூடியதாகிவிடும்.

மீரான் பாய் வீடு ஒரு பொட்டு எழும்பியிருந்தது. எதிர் வீடு அதில் பாதி. பிள்ளையார் கோயில் அசையவே இல்லை. நிரப்பு நிலையம்தான் எல்லோரையும்விட அதிகம் எழும்பியிருந்தது. மளிகைக் கடை மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பூஜை நாளிலும் யாருக்கும் தெரியாமல் பம்பு போட்டிருக்கிறார். ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இல்லை.

கீழேயிருந்து ரெஜினா அக்கா குரல் கொடுத்தார். "எழிலு! ஊரு எப்படி இருக்கு?"

"ஆளுக்கொரு மாதிரி இருக்குக்கா!"

"நம்ம வீடு?"

திரையில் அந்த வீட்டுக்கு நேராகச் சுழியம் இருந்தது. இனி எப்போதும் சுழியம்தான். அந்த வீட்டிலிருந்துதானே எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள்.

"அப்படியே இருக்குக்கா!"

"அப்ப எறங்கி வா. பொரி நமுத்துப் போவுது."

வருகிறேன் என்றாள். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று, மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள்.